சமையலறைத் துணை விமானி

கணவரின் குரலை வந்து கேட்கும்படி அவளுக்குக் கடிதம் வந்தபோது அவர் இறந்து நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது. கடிதத்தில் "குரல் அடையாளம் காணுதல்" என்று போட்டிருந்தார்கள். பதிவைக் கேட்டுவிட்டு ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது, அடையாள அட்டையின் நகல் ஒன்று கொண்டு வரவும். இருபத்திரண்டு வருடம் வீட்டுக்குள் கேட்ட குரலைச் சொல்ல நகல் எதற்கு என்று அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொண்டாள். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள். காகிதம் ஒன்று குறைந்தால் மனிதர்களை எப்படித் திருப்பி அனுப்புவார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா?

அழைத்துப் போக மீசைக்காரர் வந்தார். அவரும் கேப்டன், கணவரோடு ஒரே வகுப்பில் விமானம் ஓட்டக் கற்றவர். அவளை அண்ணி என்பார். மகளுக்கு அவர் மீசைச் சித்தப்பா. விபத்து நடந்த நாளிலிருந்து மருத்துவமனை, சவக்கிடங்கு, கம்பெனி அலுவலகம் என்று இந்தக் குடும்பத்துக்காக ஓடாய்த் தேய்ந்தவர் அவர்தான். அதனால் அவர் ஏதாவது சொன்னால் அவளால் சட்டென்று மறுத்துப் பேச முடியாது.

"பயப்படாதீங்க அண்ணி, சும்மா ஒரு சம்பிரதாயம்தான்" என்றார், வண்டியை எடுத்துக்கொண்டே. "நான் ஏற்கனவே கேட்டுட்டேன். அந்த கோ-பைலட் பொண்ணு பார்க்காமச் சொல்லுது. நம்மாளு அதை நம்பி சரிங்கிறான். அவன் குரல் இதுதான்னு நீங்க கையெழுத்துப் போட்டுட்டா ஃபைலை மூடிடுவாங்க. அவன் பேரும் சுத்தமாயிடும்."

"நீங்கதான் கேட்டுட்டீங்களே. அப்புறம் என்ன சந்தேகம் அவங்களுக்கு?"

"அந்த விசாரணை அதிகாரிக்கு சந்தேகப்படறதுதானே உத்தியோகம்! வீட்டாளு ஒருத்தர் கேட்டாத்தான் ஆச்சுன்னு ஒத்தக்கால்ல நிக்கறார்."

அவர் சொன்னது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. விமானிகளின் மனைவிகள் எல்லாருக்கும் புரியுமா என்று தெரியாது, இவளுக்குப் புரியும். அன்று காலை எட்டேகாலுக்கு ஊரே பனிமூட்டத்தில் இருந்தது. அந்த மாதிரி நேரத்தில் கண்ணுக்கு வேலை இல்லை. தரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இரண்டு கற்றைகள் வானத்துக்கு வரும். ஒன்று இடம் வலம் சொல்லும். இன்னொன்று எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்று சொல்லும். அதன் பெயர் கிளைட் ஸ்லோப். விமானி அறையில் அடுத்தடுத்து இரண்டு பட்டன்கள். ஒன்றை அமுக்கினால் விமானம் முதல் கற்றையை மட்டும் பிடிக்கும், மற்றதை அமுக்கினால் இரண்டையும் பிடிக்கும். பிடித்துவிட்டால் திரையில் சின்னதாய் ஓர் எழுத்து வெள்ளையிலிருந்து பச்சையாக மாறும். துணை விமானி அதைக் கண்ணால் பார்த்து, "கிளைட் ஸ்லோப் கேப்சர்ட்" என்று சொல்ல வேண்டும். கேப்டன் தானும் பார்த்துவிட்டு "செக்ட்" என்று சொல்ல வேண்டும். நாலு கண் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு வாய்க்கு வேலை வைத்திருக்கிறார்கள்.

அன்று கேப்டன் அமுக்கியது பக்கத்துப் பட்டனை. எழுத்து பச்சையாகவே இல்லை. ஆனாலும் ஒரு குரல் பிடித்தாயிற்று என்றது, இன்னொரு குரல் சரி என்றது. விமானம் எந்தச் சரிவையும் பிடிக்காமல், முன்பு வைத்த வேகத்திலேயே இறங்கிக்கொண்டு போய், ஓடுதளத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே வயலில் மோதியது. அவரையும் சேர்த்துப் பதினோரு பேர் போனார்கள். துணை விமானி, இருபத்தாறு வயதுப் பெண், முதுகெலும்பு உடைந்து உயிர் பிழைத்தாள்.

"பட்டன் யாருக்கு வேணா மாறும் அண்ணி. எனக்கே மாறியிருக்கு" என்றார் மீசைக்காரர். "அதுக்குத்தானே பக்கத்துல ஒரு ஆளை உட்கார வைக்கறோம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த வாக்கியத்தை மகள் நாற்பது நாளாக வீட்டில் வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்பா நம்பினார், அவள் ஏமாற்றினாள். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். அதையும் பிடுங்கிவிட்டால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு காலேஜுக்குப் போவாள்?

விசாரணை அலுவலகம் நாலாவது மாடியில். நடைபாதையில் ஒரு நீள பெஞ்ச், அதன் ஒரு முனையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், மடியில் மருத்துவமனைப் பெயர் அச்சிட்ட பை. இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நின்றவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. பையை பெஞ்சில் வைத்தார், மறுபடி எடுத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க கேப்டனோட வீட்டம்மாதானே? பேப்பர்ல போட்டோ பார்த்தேன். நான் அந்தப் பொண்ணோட அப்பா."

மீசைக்காரர் அவள் முழங்கையைத் தொட்டு, வாங்க அண்ணி என்றார். அவள் நகரவில்லை.

"அவளால எழுந்து வர முடியல. அதான் எழுதிக் குடுத்ததைக் கொண்டாந்து உள்ளே குடுத்தேன்" என்றார் அவர். "முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேம்மா. கண்டக்டர் விசில் குடுத்தாலும் கண்ணாடியைப் பார்க்காம வண்டியை எடுத்ததில்ல. அதைச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தேன். எங்கே கோட்டை விட்டேன்னு தெரியல. என் பொண்ணு பண்ணினதுக்கு நீங்க எங்களை மன்னிக்கணும்."

சொல்லிவிட்டு அவர் பேசாமல் அழுதார். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. அவளுக்கு மன்னித்தேன் என்று சொல்ல மனம் வரவில்லை, போய்யா என்று சொல்லவும் வாய் வரவில்லை. "உட்காருங்க" என்று மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் பல்வலியோடு வருகிறவர்களிடம் சொல்கிற அதே குரலில் அது வந்தது.

விசாரணை அதிகாரி ஒல்லியான மனிதர். ஸ்வெட்டரின் ஒரு கையில் நூல் பிரிந்து தொங்கியது. அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், பெரிய ஹெட்போன் ஒன்று. கதவுக்கு உள்பக்கம் ரப்பர் ஒட்டியிருந்தார்கள். மீசைக்காரரை வெளியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்.

"மேடம், கஷ்டமான வேலை கேட்கறேன், தெரியும்" என்றார். "இருபத்து நாலு செகண்டுதான் போடப் போறேன். கடைசிப் பகுதியைப் போட மாட்டேன். யாருக்கும் போட மாட்டோம். ஒவ்வொரு விமானியோட மைக்கும் தனித்தனியாப் பதிவாகும். தீயில அது ரெண்டும் போயிடுச்சு. கூரையில இருந்த பொது மைக் மட்டும்தான் மிச்சம். அதனால ஒரே இரைச்சலா இருக்கும். எத்தனை தடவை வேணா கேளுங்க. எது உங்க வீட்டுக்காரர் குரல்னு மட்டும் சொன்னா போதும்."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அது கனமாக இருந்தது.

முதலில் காற்று மாதிரி ஓர் ஓயாத ஓசை. அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல், விமான நிலைய டவருக்குப் பதில் சொல்லியது: ஓடுதள எண், காற்றின் வேகம், நன்றி. இளம் குரல், துறுதுறுவென்று, ஒவ்வொரு எண்ணையும் கல்லில் செதுக்கின மாதிரி சொல்லியது. அது முடிந்ததும் உடனே, மூச்சு விடக்கூட இடமில்லாமல், "கிளைட் ஸ்லோப் கேப்சர்ட்" என்று ஒரு மெல்லிய குரல். அதன்பின் "செக்ட்" என்று அவர்.

அவர்தான். அந்த ஒரு சொல்லில் அவர் முழுசாக இருந்தார். அவளுடைய கை தானாக ஹெட்போனை அழுத்திப் பிடித்தது. அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது, சின்னப் பெண் அடக்கமாட்டாமல் சிரிக்கிற சிரிப்பு. அத்தோடு பதிவு நின்றது.

"அது அவர்தான்" என்றாள். "செக்ட்னு சொல்றது அவர்தான்."

அதிகாரி தலையாட்டினார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை.

"முன்னாடி வர்றது?"

"அந்தப் பொண்ணா இருக்கும். அவதானே சொல்லணும்?"

"சொல்ல வேண்டியது அவங்கதான். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஆனா பாருங்க, டவருக்குப் பதில் சொல்லி முடிச்சு அரை செகண்ட்கூட ஆகல. இவ்வளவு வேகமா யாராவது அடுத்ததைச் சொல்லுவாங்களான்னு எனக்கு ஒரு நெருடல். சரி, இன்னொரு தடவை கேளுங்க."

இரண்டாம் முறை கேட்டபோது அவள் செக்ட்டுக்காகக் காத்திருக்கவில்லை. அதற்கு முந்தியதைக் கேட்டாள். கேப்சர்ட் என்ற சொல்லின் வால் நீண்டு, மேலே போய், ஏதோ கேள்வி கேட்கிற மாதிரி முடிந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த வால் அவளுடையது.

ஆஸ்பத்திரி போனில் பதினெட்டு வருடமாக அவள் அப்படித்தான் பேசுகிறாள். நாளைக்குப் பத்தரைக்கு வந்துடுங்ங்க. சாப்பிட்டுட்டு வரலாம்ங்ங்க. எந்த வாக்கியமும் அவளிடம் கடைசியில் சற்று இழுபட்டு மேலே ஏறிவிடும். வீட்டில் அதை வைத்து அவளைக் கேலி செய்யாத நாள் கிடையாது. கேலியை ஆரம்பித்து வைத்தவர் அவர்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சுவர். விமானிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேர்வு உண்டு, தேறாவிட்டால் ஓட்ட முடியாது. அதற்குப் படிக்க அவர் விமானி அறையின் படத்தைப் பெரிய காகிதத்தில் அச்சடித்துக்கொண்டு வந்து சமையலறைச் சுவரில் டேப் போட்டு ஒட்டினார். பட்டன், திரை, கைப்பிடி எல்லாம் அசல் அளவில். கூடத்தில் ஒட்டக்கூடாதா என்று அவள் சண்டை போட்டாள். "நீ இருக்கிற இடத்துலதானே என் கோ-பைலட் இருக்கணும்?" என்றார். அந்தப் பதிலுக்கு அவள் மயங்கித்தான் போனாள். அப்போது அவளுக்கு முப்பது வயது.

அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை, தேர்வுக்கு முன்னால் பத்து நாள், அவள் துணை விமானி. அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் போட்டு உட்கார்ந்து காகிதப் பட்டனைத் தொடுவார். அவள் அடுப்பைப் பார்த்தபடி, வெங்காயம் உரித்தபடி, தன் பங்கைச் சொல்வாள். அவர் "செக்ட்" என்பார். மொத்தத்தில் அவள் உப்புக்குச் சப்பாணிதான். ஆனால் பதினாறு வருடத்தில் எல்லா வரியும் மனப்பாடம். அவர் எந்தப் பட்டனைத் தொடுகிறார் என்று அவள் திரும்பிப் பார்த்ததில்லை. காகிதத்தில் பார்க்க என்ன இருக்கிறது? எழுத்து மாறப் போகிறதா?

அவர் மனிதர் தங்கம், ஆனால் அவசரக்குடுக்கை. அடுத்தவர் வாக்கியத்தை முடித்து வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. குக்கர் சத்தம் போட்டு அவள் ஒரு கணம் தாமதித்தால் போதும், "நீ வேலையைப் பாரு, உன் பங்கையும் நானே சொல்லிடறேன்" என்பார். குரலை மெல்லியதாக்கி, கடைசியில் அவள் மாதிரியே இழுத்து, "கிளைட் ஸ்லோப் கேப்சர்ட்" என்பார். உடனே தன் குரலில் "செக்ட்." மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளும் கரண்டியை ஓங்கிக்கொண்டு சிரிப்பாள். மூன்று பேரும் சிரித்த நாட்கள் எத்தனையோ.

ஹெட்போனுக்குள் அந்தப் பெண்ணின் சிரிப்பு மறுபடி வந்து நின்றது. அவள் இப்போது அந்த விமானி அறையையே பார்த்தாள். பக்கத்தில் அந்தப் பெண் டவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். இவருக்குப் பொறுக்கவில்லை. பாவம், அவளுக்குக் கை நிறைய வேலை, அவள் பங்கையும் நாமே சொல்லிவிடுவோம். எங்க வீட்டு கோ-பைலட் எப்படிச் சொல்லுவா தெரியுமா என்று என்றைக்காவது அந்தப் பெண்ணிடம் நடித்துக் காட்டியிருப்பார். அதனால்தான் அவள் சிரித்தாள். கேப்டன் சொல்லிவிட்டார் என்றால் எழுத்து பச்சையாகத்தானே இருக்கும்? அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இவரும் பார்க்கவில்லை. தன் வாய் சொன்னதை அடுத்தவர் பார்த்துச் சொன்னதாக அவருடைய காது எடுத்துக்கொண்டுவிட்டது. பதினாறு வருடமாக அந்தக் குரல் வந்தால் செக்ட் சொல்லிப் பழகிய மனிதர்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். காது சூடாக இருந்தது.

"என்ன மேடம்? தண்ணி குடிக்கறீங்களா?"

"அந்தப் பொண்ணு என்ன எழுதிக் குடுத்திருக்கு?"

அதிகாரி தயங்கினார். பிறகு ஃபைலைத் திறந்து அவளுக்குக் காட்டாமல் படித்தார். "கடைசி மூன்று நிமிடங்கள் எனக்கு நினைவில் இல்லை. அந்த அறிவிப்பைச் சொல்வது என் வேலை. ஆகவே நான்தான் சொல்லியிருப்பேன். பார்க்காமல் சொன்னதற்கு நான் பொறுப்பு." ஃபைலை மூடினார். "அவ்வளவுதான் எழுதியிருக்காங்க. பெட்ல படுத்துக்கிட்டே எழுதினது."

படிவம் மேசையில் இருந்தது. இரண்டு வரிகள். முதல் குரல்: துணை விமானி. இரண்டாம் குரல்: கேப்டன். கீழே புள்ளி புள்ளியாய்க் கையெழுத்துக்கு இடம். எழுதி முடித்துவிட்டார்கள், ஒரு பெயர்தான் பாக்கி. அவள் போட்டுவிட்டு எழுந்து போனால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த இழுவை யாருடையது என்று வீட்டில் அறிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் போய்விட்டார். மகள் இந்தப் பதிவை ஒருபோதும் கேட்கப் போவதில்லை. மூன்றாவது ஆள் அவள்.

அவர் இல்லை. அவர் பெயராவது இருக்கட்டுமே என்று ஒரு மனம் கெஞ்சியது. வெளியே மீசைக்காரர் நின்றுகொண்டிருக்கிறார். வீட்டில் மகள் காத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் பெஞ்சில் ஒரு மனிதர் பையை மடியில் வைத்துக்கொண்டு, தன் மகள் செய்யாத ஒன்றுக்காக, அதைச் செய்தவரின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அதை நினைத்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. துக்கத்தைவிட அந்த வெட்கம் பெரிதாக இருந்தது.

"சார், இந்த மேல் வரி தப்பு" என்றாள்.

அதிகாரி படிவத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"ரெண்டுமே என் வீட்டுக்காரர்தான். முதல்ல சொல்றதும் அவர்தான். என் குரல்ல சொல்றார்."

"புரியல மேடம்."

அவள் சொன்னாள். சுவரைச் சொன்னாள், காகிதத்தைச் சொன்னாள், வெங்காயத்தைக்கூடச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமான விஷயம் என்று அவளுக்கே தோன்றியது. அதிகாரி குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒரு சின்ன மைக்கை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல சொல்ற மாதிரி ஒரு தடவை சொல்றீங்களா?"

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு, "கிளைட் ஸ்லோப் கேப்சர்ட்" என்றாள். வால் நீண்டு மேலே ஏறியது. பழக்க தோஷம், சொல்லிவிட்டு ஒரு கணம் பதிலுக்காகக் காத்திருந்தாள். யாரும் செக்ட் என்று சொல்லவில்லை. அப்போதுதான், இத்தனை நாளில் முதல் தடவையாக, அவர் இல்லை என்பது அவளுக்கு முழுவதுமாகத் தெரிந்தது. அதிகாரியின் முன்னாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அவர் காத்திருந்தார். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ செய்து, திரையை அவள் பக்கம் திருப்பினார். இரண்டு கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்று. இரண்டும் கடைசியில் ஒரே மாதிரி வளைந்து ஏறின.

"இதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித்தான் உறுதி பண்ணணும்" என்றார். "ஆனா நீங்க சொல்லலேன்னா நாங்க இதைத் தேடியே இருக்க மாட்டோம். அந்தப் பொண்ணும் பார்த்திருக்கணும், அதையும் எழுதத்தான் செய்வோம். ஆனா பார்க்காமச் சொன்னது அவங்க இல்லைன்னு ஆயிடும்." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கு இது எவ்வளவு..." என்று ஆரம்பித்து மென்று விழுங்கினார். பழைய படிவத்தை எடுத்துக் கிழித்துவிட்டுப் புதிது ஒன்றை எழுத ஆரம்பித்தார். நகல் ஒன்று கேட்டார். அவள் இரண்டையும் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் மீசைக்காரருக்கு அவள் முகத்தைப் பார்த்தே ஏதோ விளங்கிவிட்டது. "என்ன அண்ணி? என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் முகம் சிவந்தது.

"பதினஞ்சு நாளா நான் இதுக்காக அலையறேன். ஒரு சந்தேகம்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? செத்தவன் வந்து எனக்காகப் பேசுன்னு கேட்க முடியுமா? நாமதானே பேசணும்?"

"நீங்களும் கேட்டீங்களே, உங்களுக்குத் தெரியலையா?"

அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படிப்பக்கம் திரும்பினார். தெரிந்ததா தெரியவில்லையா என்று அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. எத்தனையோ தடவை வீட்டுக்கு வந்து அந்தக் கேலியைப் பார்த்துச் சிரித்தவர் அவர். தெரியாமலும் இருந்திருக்கலாம். நண்பன் என்றால் காதும் கொஞ்சம் நண்பன் பக்கம்தான் சாயும்.

பெஞ்சில் அந்தத் தகப்பனார் இன்னும் இருந்தார். அவளைக் கண்டதும் மறுபடி எழுந்தார். அவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்க பொண்ணு அதைச் சொல்லல. என் வீட்டுக்காரர்தான் சொல்லியிருக்கார்" என்றாள். "எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன். நீங்கதான் எங்களை மன்னிக்கணும்."

அவர் அவளையே பார்த்தார்.

"அவ என்ன பண்ணினா?" என்று கடைசியில் கேட்டார்.

"சிரிச்சா. அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. மீசைக்காரர் வாசலோடு போய்விட்டார், சித்தப்பா உள்ளே வரலையா என்று மகள் கேட்டதற்குக்கூட நிற்கவில்லை. மகள் சமையலறையில் அவளுக்குத் தட்டு எடுத்து வைத்தாள். கேள்வியை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் கையைக் கழுவிவிட்டு, சாப்பிடுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். ஆறப் போட்டால் வாய் வராது என்று பயம்.

மகள் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினாள். நம்பியது முகத்தில் தெரிந்தது. ஒரு நிமிடத்தில் ஐந்து வயது குறைந்த மாதிரி ஆகிவிட்டாள்.

"யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க, இல்ல?"

"மாட்டாங்க."

"அப்ப நீ சொல்லாம இருந்திருக்கலாமே அம்மா."

"இருந்திருக்கலாம்."

"அப்புறம் ஏன் சொன்ன? ஊர்ல எல்லாரும் இனிமே அப்பாதான் பத்துப் பேரைக் கொன்னாருன்னு சொல்லப் போறாங்க. நீயே எடுத்துக் குடுத்திருக்க!"

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இத்தனை வருஷம் என் பங்கை எல்லாம் அவரே சொல்லிட்டார். இதையாவது நான் சொல்லணும்னு தோணுச்சு" என்றாள்.

மகள் பொங்கி அழுதாள். அழுகைக்கு நடுவே ஏதேதோ திட்டினாள். அம்மாவை, அந்தப் பெண்ணை, அப்பாவைக்கூட. அவள் தடுக்கவில்லை. அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு மகள் சுவரைப் பார்த்தாள். அந்தக் காகிதம் இன்னும் அங்கேதான் இருந்தது. எண்ணெய் தெறித்து ஓரமெல்லாம் மஞ்சளாகி, ஒரு மூலையில் டேப் விட்டுப்போய் மடங்கித் தொங்கியது. அதைக் கழற்ற இரண்டு பேருக்குமே இதுவரை கை வரவில்லை.

மகள் எழுந்து போய் அப்பாவின் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் தொடுகிற மாதிரியே விரலை நீட்டி ஒரு பட்டனைத் தொட்டாள். சரியான பட்டன்தான். சின்ன வயதிலிருந்து பார்க்கிறவளுக்குத் தெரியாதா?

"ஒரே ஒரு தடவை சொல்லும்மா" என்றாள், திரும்பாமல். "நான் செக்ட் சொல்றேன்."

அவள் அடுப்புப் பக்கமிருந்து வந்து மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். மகளின் தோளில் கையை வைத்து, சற்றுக் குனிந்து, அந்தக் காகிதத் திரையைப் பார்த்தாள். பதினாறு வருடத்தில் அதை அவள் கிட்டே போய்ப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எழுத்து இவ்வளவு சின்னது என்று அவள் நினைத்திருக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள்.

"சொல்லும்மா."

எழுத்து பச்சையாக மாறாமல் வெள்ளையாகத்தான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், சொல்லவில்லை.